டைலா, சீலிங்கா, சோபாவா, பெயின்டா? திருகோணமலை வீட்டுக்குக் குறைந்த செலவில் செல்வக்களை

கையில் ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. சீட்டு எடுத்த பணமாக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியதாக இருக்கலாம். வீடு கட்டிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. சுவரில் அங்கங்கே ஊறல், யன்னல் கம்பியில் துரு, ஹோலின் நடுவே ஒரு வெள்ளைக் குழல்விளக்கு. ஆவணியில் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்குள் வீட்டை எடுப்பாக்க வேண்டும்.

இந்த நிலைமையில் நமது ஊரில் நான்கு யோசனைகளே மாறி மாறி வரும். டைல் பதிப்போம் என்பார் வீட்டுக்காரர். சீலிங் அடித்துப் புதைவிளக்குப் போடலாம் என்பான் மகன். சோபா செற் மாற்றினால் போதும் என்பார் மனைவி. பெயின்ட் அடித்துத் திரைச்சீலையை மாற்றினாலே வீடு வேறாகிவிடும் என்று யாராவது ஓர் அத்தை சொல்லிவிட்டுப் போவார். நான்குக்கும் பணம் போதாது. ஒன்றை முழுமையாகச் செய்யலாம், அல்லது இரண்டை அளவோடு செய்யலாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தை சொன்னதே சரி. பெயின்ட், வெளிச்சம், திரைச்சீலை மூன்றும் முதலில். அதற்கடுத்து, வீட்டில் ஏற்கனவே கிடக்கும் நல்ல மரச்சாமான்களுக்கு மெருகு. டைல் சில வீடுகளுக்கு அவசியம், பல வீடுகளுக்குக் காத்திருக்கலாம். சீலிங் கூரையைப் பொறுத்தது. புதிய சோபா செற் கடைசியிலும் கடைசி.

இந்த வரிசையைத் தீர்மானிப்பது கடல். திருகோணமலை நகரத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று நிலத்திலிருந்து அனலையும் புழுதியையும் அள்ளி வரும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. ஆண்டு முழுவதும் காற்றில் உப்பு. கொழும்புக் கடையின் குளிரூட்டிய அறையில் மினுங்கும் பொருள் இங்கே மூன்றாவது கச்சானுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டுதான் எதையும் வாங்க வேண்டும். அப்போது பாதிப் பொருள்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

இன்னொன்று. பணக்காரத் தோற்றம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள், மான்கள் மேயும் இடத்தைத் தாண்டினால், 1800ஆம் ஆண்டில் ஆர்தர் வெல்லெஸ்லி தங்கியதாகச் சொல்லப்படும் பழைய பங்களா இருக்கிறது. பின்னாளில் வெலிங்டன் பிரபுவானவர் அவர்தான். இப்படிப்பட்ட பழைய கட்டடங்களில் அலங்காரம் என்று சொல்ல அதிகம் இராது. தடித்த சுவர், அகன்ற விறாந்தை, உயரமான கூரை, ஆழமான யன்னல், நிழல். கோடுகள் நேராக இருக்கும், கண்ணைக் குத்தும் எதுவும் இராது. மூன்றடுக்குச் சீலிங்கில் நீலமும் சிவப்புமாக மின்னும் விளக்குப் பட்டி போட்ட புது ஹோலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவு எங்கே கூட, களை எங்கே கூட என்பது தெரிந்துவிடும்.

பெயின்ட்: வாளியை விடச் சுவர் முக்கியம்

வண்ணம் பூசுவதில் நமது மக்கள் செலவழிக்கும் முறை தலைகீழ். விலை உயர்ந்த வாளியை வாங்கிவிட்டு, சுவரைச் சுரண்டவும் புட்டி வைக்கவும் கொடுக்க வேண்டிய கூலியில் மிச்சம் பிடிக்கிறார்கள். நடுத்தர விலைப் பெயின்ட், ஒழுங்காகத் தயார் செய்த சுவரில், மிக உயர்ந்த ரகம் கரடுமுரடான சுவரில் இருப்பதை விட எப்போதும் நன்றாக இருக்கும்.

கரையோர வீடுகளில் முதல் எதிரி உப்புப் பூத்தல். நிலத்தின் ஈரம் சுவரில் ஏறி, காயும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. கட்டும்போது உப்பு மண் கலந்திருந்தால் இன்னும் மோசம். அதன் மேல் எதைப் பூசினாலும் அடுத்த மழைக்குக் கொப்புளித்து உரிந்துவிடும். பூச்சு வரைக்கும் சுரண்டி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து (கூரைப் பீலியா, குளியலறைக் குழாயா, அத்திவாரமா), சுவரை நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் சீலர் என்ற அடிப்பூச்சு, புட்டி, இரண்டு பூச்சு. புதிதாகச் சீமெந்து பூசிய இடம் என்றால் ஏறத்தாழ நான்கு வாரம் விட வேண்டும்.

அளவு ஒன்றும் பயமுறுத்தும் அளவல்ல. 12க்கு 14 அடி ஹோல், 10 அடி உயரம் என்றால் சுவரின் சுற்றளவு 52 அடி, பரப்பு 520 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 100 கழித்தால் 420 சதுர அடி, ஏறத்தாழ 39 சதுர மீற்றர். இரண்டு பூச்சுக்கு 78 சதுர மீற்றர். ஒரு லீற்றர் 10 சதுர மீற்றருக்கு வரும் என்று வைத்தால் இரண்டு 4 லீற்றர் வாளிகளில் ஹோல் முடிந்துவிடும்.

மினுக்கமா, மங்கலா? மினுக்கப் பெயின்டைத் துடைப்பது சுலபம். ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மேசன் விட்ட ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். நமது சுவர்கள் அவ்வளவு நேரானவை அல்ல. ஹோலுக்கும் படுக்கையறைக்கும் மங்கலும், குசினிக்கு மினுக்கமும் என்று பிரித்துக்கொள்ளலாம். நிறத்தில் என் பிடிவாதம் ஒன்று: சுவர் முழுவதும் ஒரே நிறம், லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. ஒரு சுவருக்கு மட்டும் ஊதா, ஒரு தூணுக்கு மட்டும் செம்மஞ்சள் என்ற வேலையெல்லாம் வேண்டாம். அது சின்ன அறையை இன்னும் சின்னதாக்கும்.

யன்னல் கம்பியை மறந்துவிடாதீர்கள். வெள்ளைச் சுவரில் வழியும் ஒரு துருக் கறை, மற்ற எல்லாச் செலவையும் கெடுத்துவிடும். துருவை முழுக்கத் தேய்த்து எடுத்து, துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் கருமையான ஒரு நிறம். புதிதாகக் கைப்பிடி, கொக்கி வாங்குவதானால் குரோம் பூசியதைத் தவிருங்கள், உப்பில் புள்ளி விழும். துருப்பிடிக்காத எஃகிலும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்புக் கறை காட்டும். மொலிப்டினம் கலந்த 316 அதைவிடத் தாங்கும், விலையும் கூட. பித்தளை நிறம் மங்கும், ஆனால் துருப்பிடிக்காது. புளி போட்டுத் துலக்கினால் திரும்பி வரும். நான்கு கதவுகளுக்குப் பித்தளைக் கைப்பிடி போட்டுப் பாருங்கள், கதவின் தரமே உயர்ந்துவிட்டது போல இருக்கும்.

வெளிச்சம்: மிகக் குறைந்த காசுக்கு மிகப் பெரிய மாற்றம்

மின்குமிழின் பெட்டியில் 6500K, 4000K, 3000K என்று வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் ஏதாவது ஓர் எண் இருக்கும். நமது வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500. நீலம் கலந்த வெள்ளை. கடைக்கும் வைத்தியசாலைக்கும் அது பொருந்தும். இரவு எட்டு மணிக்கு ஹோலில் அது எரிந்தால் எந்தச் சோபாவும் மலிவாகத் தெரியும், எந்த முகமும் களைத்துத் தெரியும். 2700 முதல் 3000 வரையான மஞ்சள் வெளிச்சத்துக்கு மாறுங்கள். மரமும் துணியும் உயிர்பெறும்.

இரண்டாவது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பது. கூரை நடுவில் ஒரே விளக்கு என்றால் அறை தட்டையாகிவிடும். 5 அல்லது 7 வாற் குமிழ்கள் மூன்றை மூன்று இடத்தில், தலை உயரத்துக்கு அல்லது அதற்குக் கீழே வையுங்கள். ஒன்று மூலையில் நிற்கும் விளக்கு, ஒன்று சுவரில், ஒன்று அலுமாரி மேல் மேசைவிளக்கு. மூன்றும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் காரியம் கெட்டது. நிறத்தை உள்ளபடி காட்டும் தன்மையைக் குறிக்கும் இன்னோர் எண்ணும் (CRI) நல்ல குமிழ்ப் பெட்டிகளில் இருக்கும். 80 பரவாயில்லை, 90 நன்று. பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு மட்டும் 4000ஐ விட்டுவிடுங்கள். பாட்டிமாருக்கு வெற்றிலை மடிக்கவும் அதுவே வசதி.

புதைவிளக்குக்காகச் சீலிங் அடிக்க நினைப்பவர்கள், முதலில் இந்த மூன்று குமிழை ஒரு வாரம் எரித்துப் பார்க்கட்டும். பலருக்குச் சீலிங் ஆசையே போய்விடும்.

திரைச்சீலை இதோடு சேர்ந்தது. செய்கிற பிழை எல்லா வீட்டிலும் ஒன்றே: யன்னல் சட்டத்துக்கு நேர் மேலே கம்பி, யன்னல் அடியோடு துணி முடிந்துவிடும். கம்பியைக் கூரைக்கு ஓர் அடி கீழே வரைக்கும் ஏற்றுங்கள். யன்னலின் இரு பக்கமும் ஓர் அடி நீளவிடுங்கள். துணி தரையைத் தொடட்டும். 4 அடி யன்னலுக்கு 6 அடிக் கம்பி, அதற்கு 12 அடி அகலத் துணி என்பது கணக்கு, சுருக்கம் விழ வேண்டுமே. யன்னல் பெரிதாகத் தெரியும், கூரை உயர்ந்துவிட்டது போல இருக்கும். துணி, கடையில் மின்னும் சட்டின் வேண்டாம். மருதமுனைக் கைத்தறிப் பருத்தி கிழக்கிலேயே நெய்யப்படுவது. சாயம் போடாத அல்லது தந்த நிறத்தில் எடுத்தால் வெயிலில் வெளிறும் கவலையும் இல்லை. பொலியெஸ்டர் நிறம் நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடற்காற்றில் பருத்தி எழுந்து அடங்குவதைப் பார்த்தவர்கள் அதைத் திரும்பித் தேட மாட்டார்கள்.

டைல்

ஊரில் பலரும் மாபிள் என்றே சொல்லும் டைலுக்கு நான் எதிரியல்லன். மணல் வரும் ஊர், கூட்டித் துடைக்கச் சுலபம், வீட்டின் விலையும் கூடும். பிரச்சினை, இந்த நான்கில் மிக அதிகம் விழுங்குவது அதுதான். பொருளுக்கு மேல் ஒட்டும் கலவை, மேசன் கூலி, கழிவு. 12க்கு 14 ஹோலுக்கு 168 சதுர அடி, 2 அடிச் சதுர டைல் 42 வேண்டும், உடைசலுக்கும் வெட்டுக்கும் பத்தில் ஒன்று சேர்த்தால் 46 அல்லது 47. ஹோலோடு நின்றுவிடும் என்று நினைத்தால், அடுத்த அறை வாசலில் இரண்டு தரையும் முட்டும் இடம் கண்ணை உறுத்தத் தொடங்கும். பழைய தரையின் மேலேயே பதித்தால் மட்டம் அரை அங்குலத்துக்கு மேல் உயரும், கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவரும்.

பதிப்பதென்றே முடிவு செய்தால், பளபளக்கும் ரகத்தைத் தவிருங்கள். கடலுக்குப் போய் வந்த கால்களின் உப்புத் தடம் அதில் அப்படியே தெரியும், மழைநாளில் வழுக்கும். தடித்த நரம்போடு அச்சடித்த மாபிள் கோலமும் வேண்டாம், ஒரே நரம்பு ஐந்தாறு கல்லுக்கு ஒரு தடவை திரும்பி வந்து அச்சு என்று சொல்லிக் காட்டும். பெரிய கல், மங்கல் பரப்பு, ஒற்றை நிறம், மெல்லிய இடைவெளி, அந்த இடைவெளிக்கும் கல்லின் நிறமே. இவ்வளவு செய்தால் நடுத்தர விலைக் கல்லே போதும். மேசனின் கைதான் இங்கே விலை. அவர் முன்பு பதித்த ஒரு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, மூலைகளைக் குனிந்து பார்த்துவிட்டு, அப்புறம் பேசுங்கள்.

பழைய வீடு, காவி போட்டு மெழுகிய சிவப்புச் சீமெந்துத் தரை என்றால் ஒரு வேண்டுகோள்: அதை மூடாதீர்கள். பெரிய வெடிப்பு இல்லையென்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவி மெழுகு போட்டாலே அது மீண்டுவரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவர் தங்கும் விடுதிகளில் மெழுகிய சீமெந்துத் தரையைப் பணம் கொடுத்துப் புதிதாகச் செய்விக்கிறார்கள். உங்களிடம் அது ஏற்கனவே இருக்கிறது. புதிதாகச் சீமெந்துத் தரை இடுவதும் ஒரு வழி. பொருட்செலவு டைலை விடக் குறைவு, ஆனால் கைதேர்ந்த மேசன் வேண்டும், ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், மயிரிழை வெடிப்புகள் வரத்தான் செய்யும். அவற்றைப் பொறுக்க முடியாதவர்கள் டைலுக்கே போகலாம்.

சீலிங்

இதில் கூரை பேசும், நாம் கேட்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் அல்லது தகரக் கூரை, கீழே எதுவும் இல்லை என்றால், சீலிங்தான் முதல் செலவு, பெயின்டுக்கும் முன்பு. ஆனி, ஆடி வெயிலில் அந்த அறைக்குள் எந்த அழகும் நிற்காது. வேர்த்து ஒழுகும் விருந்தாளி திரைச்சீலையைப் பார்க்க மாட்டார். வேலையின்போது அஸ்பெஸ்டஸை அறுப்பதையும் துளைப்பதையும் தவிருங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் வெப்பம் வெளியேற இரு பக்கமும் வலை அடித்த காற்றுவழி விட வேண்டும். வலை அவசியம். இல்லையேல் மரநாய் குடிபுகுந்துவிடும், அதன் மூத்திரக் கறை படிந்த சீலிங்கை எந்த விளக்கும் காப்பாற்றாது.

ஜிப்சமா, பிளாஸ்டிக்கா? ஜிப்சம் பார்வைக்கு அழகு, இணைப்பே தெரியாது. ஆனால் ஓர் ஒழுக்கு போதும், தொய்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு ஒழுகாது என்று கூரைமேல் சத்தியம் செய்யக்கூடியவர்கள் மட்டும் அதைத் தொடலாம். பிளாஸ்டிக் பலகைக்குத் தண்ணீர் பயமில்லை. மர நரம்பு அச்சடித்தது வேண்டாம், மங்கல் வெள்ளையே போதும்.

மேல்தட்டு (கொங்கிரீற் கூரை) போட்ட வீட்டுக்குச் சீலிங் தேவையில்லை. இருக்கும் உயரத்தில் ஓர் அடியைத் தின்றுவிட்டுப் பெட்டிக்குள் இருப்பது போன்ற உணர்வைத்தான் தரும். ஓட்டுக் கூரை, பனைமர வளை, தீராந்தி வெளியே தெரியும் வீடு என்றால் மறைப்பது பாவம். தூசு தட்டி, கறையான் மருந்து அடித்து, எண்ணெய் பூசிவிடுங்கள்.

சோபா

தவணைக்குக் கிடைக்கிறது என்பதுதான் சோபா செற்றின் பெரிய கவர்ச்சி. வட்டியோடு கூட்டிப் பார்த்தால் கவர்ச்சி குறையும். செயற்கைத் தோல் நமது ஈரப்பதத்தில் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியும். மரத்தூள் பலகையில் செய்த சட்டம் ஈரத்தை உறிஞ்சி ஊதும், ஆணி பிடிக்காது. மூன்றாவது கச்சான் கேள்விக்கு இது நிற்காது.

இதற்கு மாற்று உங்கள் பின்விறாந்தையிலேயே இருக்கலாம். தாத்தாவின் சாய்மனைக் கதிரை, பிரம்பு அறுந்த இரண்டு கைக்கதிரைகள், ஒரு தேக்குப் பெட்டி. முதிரையும் தேக்கும் கடற்காற்றைத் தாங்கிப் பழகிய மரங்கள். தச்சரைக் கொண்டு ஆட்டத்தை இறுக்கி, பழைய வார்னிஷைத் தேய்த்து எடுத்து மங்கல் மெருகு கொடுத்து, பிரம்பைப் புதிதாகப் பின்னி, கைத்தறித் துணியில் மெத்தை தைத்துப் போடுங்கள். வீட்டில் இல்லையென்றால் பழைய சாமான் விற்பவர்களிடம் தேடலாம். கனம் பாருங்கள், இணைப்புகளைப் பாருங்கள், அடிப்பக்கம் கறையான் துளையைப் பாருங்கள்.

ஒரு செலவில்லாத வேலையும் உண்டு. ஹோலில் இருக்கும் ஷோகேஸ். பரிசுக் கோப்பைகள், பிறந்தநாள் பொம்மைகள், பிளாஸ்டிக் பூ, உறை பிரிக்காத தேநீர்க் குவளைகள். பாதியை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

குசினியும் குளியலறையும்

குசினிக்கு, கரையோரத்தில் அலுமினியப் பன்ட்ரி (குசினி அலுமாரி), மரத்தூள் பலகையை விட நிச்சயம் மேல். கறையான் இல்லை, ஊதாது. இருக்கும் அலுமாரிக்குக் கதவை மட்டும் மாற்றுவது இன்னும் சிக்கனம். குளியலறையில் கண்ணாடித் தடுப்பும் கறுப்புக் குழாய்களும் வேண்டாம். கிணற்றில் உவர்த்தண்ணீர் வரும் பகுதிகளில் ஒரே மாதத்தில் வெள்ளைக் கறை படிந்துவிடும். நல்ல கண்ணாடி ஒன்று, புதிய சிலிக்கன் பூச்சு, சுவரில் ஒரு மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான்.

எப்படிப் பிரிப்பது?

ரூபாய்க் கணக்கு எழுதி வைத்தால் விலை மாறும்போது பழசாகிவிடும். பங்காகச் சொல்கிறேன். மேல்தட்டு வீடு என்றால் தொகையில் பாதி சுவர் வேலைக்கும் பெயின்டுக்கும், அதிலும் பெரும்பங்கு கூலிக்கு. கால் பங்கு திரைச்சீலைக்கும் விளக்குக்கும். மீதிக் கால் பங்கில் மரச்சாமான் மெருகும் பித்தளைக் கைப்பிடிகளும். அஸ்பெஸ்டஸ் அல்லது தகரச் சீற் கூரை வீடு என்றால் அரைப் பங்கைச் சீலிங்குக்கு ஒதுக்கி, மீதியில் ஹோலுக்கும் விறாந்தைக்கும் மட்டும் பெயின்ட், விளக்கு; அறைகள் அடுத்த ஆண்டு. பழைய ஓட்டு வீடு என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தரையையும் கூரை மரத்தையும் சுத்தப்படுத்தி, சுவரைச் சரிசெய்தாலே தொகையில் மிஞ்சும். தரை வெடித்துப் பெயர்ந்து, கால் வைக்க முடியாத நிலை என்றால் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் தள்ளிவிட்டு டைலுக்குப் போங்கள்.

வேலையைத் தொடங்கும் காலமும் செலவைத் தீர்மானிக்கும். மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் மாசியில் சுரண்டி வைத்து, பங்குனியில் பூசுவது நல்லது. வைகாசிக்குப் பிறகு கச்சான் புழுதி ஈரப் பெயின்டில் ஒட்டும், வெளிச்சுவர் பூசவே முடியாது. ஆனால் பங்குனிக் கடைசியில் சித்திரை வருடப்பிறப்புக்காக ஊர் முழுவதும் வீட்டுக்கு வண்ணம் பூசும், கூலியும் ஏறும், ஆளும் கிடைக்காது. ஆகவே பெயின்டரிடம் தைப்பொங்கலுக்கே சொல்லி, முற்பணம் கொடுத்து நாளைப் பிடித்துவிடுங்கள்.